ஆபரேட்டரம்மாவின் முகம்

மாடியில் சுந்தரவல்லி, கீழ்ப் போர்ஷனில் நாங்கள். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த வீடு. குடித்தனக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயடியில் மயிலாப்பூர் வம்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் குடம் நிரம்பியதும் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டுப் படியேறிப் போய்விடுவாள். நான் தையல் மிஷின் போட்டிருந்தவள். கால் மிதித்துக்கொண்டிருந்தால் வாய் தானாக ஓடும். அப்படிப்பட்ட எனக்கு, மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத ஒருத்தியைப் பார்த்தால் என்ன தோன்றும்? திமிர் என்றுதான் நினைத்தேன். தொண்டையை ஆபீஸுக்காக மிச்சம் பிடிக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

மவுண்ட் ரோட்டில் விண்டர்ட்டன் கம்பெனி என்று ஒன்று இருந்தது. பம்பு செட்டும் மின்விசிறியும் விற்பார்கள். வெள்ளைக்காரன் ஆரம்பித்துவிட்டுப் போனது, தலைமை ஆபீஸ் கல்கத்தாவில். மெட்ராஸ் ஆபீஸிலேயே ஒரு கல்யாணத்துக்கு வரும் கூட்டம் வேலை பார்த்தது. அந்தக் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர் சுந்தரவல்லி. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஒரு போர்டு, போர்டு நிறைய ஓட்டைகள், கயிறுகள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், யார் யாரிடம் பேச வேண்டுமோ அவர்களை அந்தக் கயிற்றால் சேர்த்துவைப்பது வேலை. ஊரையெல்லாம் சேர்த்துவைத்தவளுக்குத் தன் குடும்பம் சேரவில்லை. கல்யாணமான மறு வருஷமே புருஷன் பினாங்குக்குக் கப்பலேறினான், போனவன் போனவன்தான். அண்ணன் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அண்ணி வீட்டில் கறிவேப்பிலையாக ஒதுங்கிக் கிடப்பதற்கு மனசு ஒப்பாமல், டெலிபோன் வேலை கற்றுக்கொண்டு தனியாக வந்தவள் இவள்.

கம்பெனியில் வேலைக்கு எடுத்தபோது அவள் புருஷனைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லையாம். “அவர் எங்கேன்னு என்னைக் கேக்காத ஒரே இடம் அதுதான்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அந்த ஒரு நன்றிக்காக அந்தக் கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். காய்ச்சல் என்றாலும் போவாள். தீபாவளிக்கு மறுநாளும் போவாள். எனக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி அப்போதே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒருத்தியைக் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. அதைப் போய் இவள் பெரிய தர்மமாக நினைத்தாள்.

அவளுக்கு ஆபீஸில் இருந்த ஒரே சிநேகிதி செண்பகம். டைப்பிஸ்ட். நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பாவுக்குக் கட்டுமரம், அம்மாவுக்கு மார்க்கெட்டில் மீன் கூடை. அந்த வீட்டிலிருந்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, மவுண்ட் ரோட்டு ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள். அப்பாவுக்கு இழுப்பு வந்து கடலுக்குப் போவது நின்றபின், வீடு அவள் சம்பளத்தில்தான் நடந்தது. சுந்தரவல்லி சைவம், மீன் வாசனை பட்டால் சோறு இறங்காது. ஆனால் வெள்ளிக்கிழமை செண்பகம் வீட்டில் மீன் கிடையாது. அன்றைக்கு அவள் பாத்திரத்தை முதலில் சாம்பல் போட்டுத் தேய்த்து, அக்காவுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவாள். போர்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் சுந்தரவல்லி யாரோடாவது சேர்ந்து சாப்பிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவள் படியிறங்கும் வேகமே வேறாக இருக்கும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

அவளுடைய வேலையில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்கு டிரங்க் கால் போட்டால், லைன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் கடல் இரைச்சல் மாதிரி ஒன்று கேட்கும், மனுஷன் குரல் அதில் முங்கி முங்கி எழும். மானேஜர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள், அந்தப் பக்கத்துக்கு எட்டாது. அப்போது நடுவில் இருக்கும் ஆபரேட்டர் இந்தப் பக்கத்துப் பேச்சை வாங்கி, அந்தப் பக்கத்துக்குத் திருப்பிச் சொல்வாள். சுந்தரவல்லியின் குரல் கத்தாமலே கல்கத்தா வரை போகும். அங்கே இருந்த துரைமார்களே லைன் கெட்டால் மெட்ராஸ் ஆபரேட்டரை நடுவில் வரச்சொல் என்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும்.

நடுவில் இருப்பவள் எல்லாவற்றையும் கேட்பாள், எதையும் வெளியே சொல்லக் கூடாது. சுந்தரவல்லி சொன்னதில்லை. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு மாற்றல், எந்த மானேஜர் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அவள் காதோடு சரி. அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று ஆபீஸுக்கே தெரியும். அதனால் அவர்கள் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்ப்பார்கள். மத்தியானம் காப்பிக்கு அவள் வெளியே வரும்போது அத்தனை டேபிளும் ஒருமுறை நிமிரும். பியூன் மாசிலாமணி இதில் பெரிய ஜோசியர். “ஆபரேட்டரம்மா மூஞ்சி தெளிவா கீது, ஒண்ணும் பயமில்ல” என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாரும் நிம்மதியாக வேலையைப் பார்ப்பார்கள். இப்படி ஒரு பழக்கம் இருப்பது அவளுக்கு மட்டும் தெரியாது. அவளிடம் போய் யார் சொல்வார்கள்?

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடை. மின்வெட்டு வந்து, கரண்ட் இல்லாத ஊரில் பம்பு செட்டும் விசிறியும் யார் வாங்குவார்கள் என்று ஆகிவிட்டது. கோடவுனில் சரக்கு தேங்கியது. ஆட்குறைப்பு என்று மெல்லப் பேச்சு கிளம்பியது. நம்மைத் தொடமாட்டார்கள், பக்கத்து செக்‌ஷன்தான் போகும் என்று ஒவ்வொரு செக்‌ஷனும் நம்பிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, பணியாளர் மானேஜர் சண்முகசுந்தரம் கல்கத்தாவுக்கு அவசர டிரங்க் கால் கேட்டார். லைன் வந்தது, வழக்கம்போல இரைச்சல். அவர் கத்த முடியாது. அவர் அறைக்கும் ஆபீஸுக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. பேச வேண்டிய விஷயமோ, காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க வேண்டியது. ஆகவே அவர் தாழ்ந்த குரலில் சுந்தரவல்லியிடம் சொன்னார், “நான் பேர் சொல்றேம்மா. நீ அவங்களுக்குச் சொல்லிடு.”

அவர் சொல்லச் சொல்ல இவள் சொன்னாள். எதற்கான பெயர்கள் என்று இரண்டாவது பெயரிலேயே புரிந்துவிட்டது. நம் பெயர்கள் கல்கத்தாக்காரர்களுக்குப் பிடிபடாது, அதனால் எழுத்தெழுத்தாக, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். விற்பனைப் பிரிவு போனது, டெஸ்பாட்ச் போனது. அடுத்து டைப்பிங் செக்‌ஷன் என்றார் சண்முகசுந்தரம். அப்புறம் செண்பகத்தின் பெயரைச் சொன்னார். சேலம், ஹைதராபாத், ஈரோடு, நாக்பூர், பம்பாய் என்று சுந்தரவல்லி ஆரம்பித்தாள். அந்தப் பெண் ஜன்மத்தில் பார்த்திராத ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசி எழுத்துக்கு மெட்ராஸ் என்று முடித்தாள். அடுத்தது என்றது கல்கத்தா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செண்பகம் டப்பாவோடு வந்து கதவைச் சாத்தினாள். அன்றைக்குப் புளிக்குழம்பும் வாழைக்காய் வறுவலும். இரண்டு வாய் சாப்பிட்டபின் செண்பகம் விஷயத்தைச் சொன்னாள். கோபாலபுரத்தில் ஒரு சின்ன பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலைக்கு எப்போதோ சொல்லிவைத்திருந்தாள், இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைச்சல். ஆனால் பள்ளிக்கூடம் என்பதால் நிரந்தரம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

“இங்க ஆளக் கொறைக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. நம்ம செக்‌ஷன் இல்லன்றாங்க. எனக்கு ஒண்ணும் புரில. நீ சொல்லுக்கா. போவட்டா, வாணாவா?”

சுந்தரவல்லி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரே ஒரு வார்த்தை, போ என்று சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அறைக்குள், அந்த போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த வார்த்தை அவளுக்கு வரவில்லை. கம்பெனி தன்னை நம்பிச் சொன்னதை, நேற்றுச் சொன்னதை, இன்று சோற்றுக்கு நடுவில் கொட்டுவதா என்று நினைத்தாளாம். தன் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்பதே அப்போது பெரிய கவலையாக இருந்ததாம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வாழைக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “உன் இஷ்டம்டி, நான் என்ன சொல்ல” என்றாள்.

செண்பகம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே மிச்சக் குழம்பை அவள் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை உத்தரவு வந்தது. ஒரு மாசச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். யூனியன் தணிகாசலம் வாசலில் கொடி பிடித்தார், கோஷம் போட்டார். கம்பெனி அசையவில்லை. டைப்பிங் செக்‌ஷன் முழுக்க மேஜை டிராயர்களைக் காலி பண்ணியபோது, செண்பகம் போர்டு அறைப் பக்கம் வரவேயில்லை. கதவுக் கண்ணாடி வழியாக அவள் முதுகைத்தான் சுந்தரவல்லி பார்த்தாள். கோபாலபுரத்து வேலைக்கு அதற்குள் வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. செண்பகம் கடைசியில் தி.நகர் பாண்டி பஜாரில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தாள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் வேலை.

சண்முகசுந்தரம் சுந்தரவல்லியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உன்னைப் போல விசுவாசமான ஆள் கம்பெனிக்கு வேண்டும் என்று சொன்னார். அவள் அதைச் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்தால், மிச்சமிருந்தவர்கள் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் முன்கூட்டியே தெரிந்தும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாளே என்று கோபம். அது போதாதென்று, மானேஜருக்குக் கோள் சொல்கிறவளே இவள்தான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யாரிடமும் எதுவும் சொல்லாததற்குக் கிடைத்த பெயர் இது. அவள் காப்பிக்கு வந்தால் பேச்சு நிற்கும். ஒரு நாள் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம், வருஷக்கணக்காக நின்றது. கொஞ்ச நாளில் அவள் காப்பிக்கு வெளியே வருவதையே விட்டுவிட்டு, வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

நாள் முழுக்கக் காதில் மனுஷக் குரல். அத்தனை குரலில் ஒன்றுகூட அவளோடு பேசுவதற்காக வந்ததில்லை. கொஞ்சம் இருங்க, லைன் தர்றேன், இன்னும் பேசுறீங்களா என்று அவளும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாடியில் சத்தமே இருக்காது. ரேடியோகூட வைத்துக்கொள்ளவில்லை. நான் நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை கீழே வந்து உட்காருவாள். நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் கூப்பிட்டால் வரமாட்டாள். காரணம் எனக்கு அப்போது தெரியாது.

அவள் நாலு தடவை பாண்டி பஜாருக்குப் போய், அந்தப் புடவைக் கடை வாசல் வரை நடந்து, திரும்பி வந்திருக்கிறாள். அண்ணன் கடைக்குப் போய்வந்ததாக என்னிடம் சொன்னாள். அண்ணன் கடையை விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டது எனக்கு ஏற்கெனவே தெரியும். நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இப்படியே சில வருஷம் ஓடியது. ஒரு நாள் சண்முகசுந்தரத்தின் மேஜையில் புது டெலிபோன் ஒன்று வைத்தார்கள். அதில் நேராக நம்பரைச் சுற்றினாலே கல்கத்தா கிடைக்கும், நடுவில் ஆள் வேண்டாம். சுந்தரவல்லிக்கு அந்த மாசமே தெரிந்துவிட்டது. கல்கத்தாவின் சத்தமே போர்டில் இல்லை. அவர் அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே பேசும் முணுமுணுப்பு கேட்கும், இவள் போர்டில் ஒரு விளக்கும் எரியாது. யார் பெயரைச் சொல்கிறார்களோ என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

அவள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். போர்டையே எடுத்துவிட்டுத் தானாக இயங்கும் மிஷின் போடப்போகிறார்கள். இதை அவளிடம் சொல்ல சண்முகசுந்தரம் அவளைக் கூப்பிடவில்லை, அவரும் மாடிப்படிக்கு அடியில் வரவில்லை. போர்டில் அவர் விளக்கு எரிந்தது, எடுத்தாள். டெலிபோனிலேயே சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கம்பெனியோடு இருந்த உனக்கு நிலைமை புரியும் என்றாராம். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில், “வேற கால் ஏதாவது போடணுமா சார்?” என்று கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

வேலை போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, காலையிலேயே குளித்துவிட்டு நொச்சிக்குப்பத்துக்குப் போனாள். புடவைக் கடையில் செண்பகத்துக்கு அன்று வார விடுமுறை என்று விசாரித்து வைத்திருந்தாள். திரும்பி வந்தவள் மாடிக்குப் போகவில்லை. நேராக என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் இதுவரை சொன்னதில் முக்கால்வாசி அன்று அவள் சொன்னதுதான். அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

செண்பகம் அவளை வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள். ஆனால் “வாங்க, உக்காருங்க” என்றாளாம். என்றைக்கும் நீ, வா, போ என்று பேசிய பெண். அந்த மரியாதையைக் கேட்டதும் எழுந்து போய்விடலாம் என்று இருந்ததாம் சுந்தரவல்லிக்கு. ஆனாலும் உட்கார்ந்தாள். தன் வேலையும் போய்விட்டது என்றாள். செண்பகம் ஐயோ பாவம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அப்புறம், கோபம் இல்லாமல், யாரோ ஒருத்தரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

“நான் அன்னிக்கு உங்க வாயி என்ன சொல்லுதுன்னு பாக்கலங்க. மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஆபீசே அதத்தான் பாக்கும். எனக்கு ஒண்ணுன்னா உங்க மூஞ்சி மாறிடும், நீங்க மறைக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்திச்சி. அதான் அந்த வேலை வாணாம்னு சொல்லி அனுப்புனேன்.”

தன் முகத்தை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் சுந்தரவல்லிக்குத் தெரிந்தது. வாழைக்காயை வாயில் போட்டுக்கொண்டு, அவ்வளவு பாடுபட்டு அவள் காப்பாற்றிய முகம். அதுதான் அந்தப் பெண்ணிடம் பயப்படாதே என்று சொல்லியிருக்கிறது.

அதற்குமேல் அவளால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. வியாழக்கிழமை டிரங்க் காலைச் சொன்னாள். தெரிந்து மட்டும் வைத்திருக்கவில்லை, உன் பெயரைக் கல்கத்தாவுக்குச் சொன்னதே நான்தான் என்று சொன்னாள். சேலம், ஹைதராபாத், ஈரோடு என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னதையும் சொன்னாள். வெளியே யாரோ மீன் விலை கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். செண்பகம் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டாள்.

“என் பேரச் சொல்லசொல்ல உன் கொரலு கொஞ்சமாச்சும் தடுமாறிச்சாக்கா?”

நீ என்றுவிட்டாள், அக்கா என்றுவிட்டாள். இதைச் சொல்லும்போதுதான் சுந்தரவல்லிக்கு அழுகை வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டாள், அது இவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

“இல்லடி. தெளிவாத்தான் சொன்னேன். கல்கத்தாவுல ரெண்டாந்தரம் கேக்கல.”

செண்பகம் எழுந்து உள்ளே போனாள். வருவாள் என்று இவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. அப்புறம் இவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தடுமாறியது என்று ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும், அந்தப் பாழாய்ப்போன கம்பெனிக்காகவா இன்னும் உண்மை பேசுகிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கம்பெனிக்காக இல்ல. அவ என்னை ரெண்டு தடவைதான் ஒண்ணு கேட்டா. ஒரு தடவையாச்சும் கேட்டதுக்குப் பதில் சொல்லணும்லா” என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். அடுப்பில் சோறு இருந்தது. தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.